ஆறு மீட்டர்

தண்ணீரில் விழுந்த பொருளை அரிசிக்குள் புதைத்து வைத்தால் சரியாகிவிடும் என்று பாதிப்பேர் நம்புகிறார்கள். ஆகாது, அம்மா. அரிசி ஈரத்தை இழுப்பதைவிடத் தன் மாவை உள்ளே தள்ளுவதுதான் அதிகம். நான் இருபத்திரண்டு வருஷமாகக் காது கேட்கும் கருவிகளைப் பழுதுபார்க்கிறவன். கழற்ற மறந்து குளித்தது, மழையில் நனைந்தது, தூக்கக் கலக்கத்தில் தண்ணீர்த் தம்ளருக்குள் போட்டது, எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். வாரத்துக்கு இரண்டு பேராவது அரிசி டப்பாவோடு வந்து நிற்பார்கள். நான் யாரையும் கடிந்துகொண்டதில்லை. சின்ன இடுக்கியால் மாவுத் துகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு வேலையைத் தொடங்குவேன்.

என் கை எப்படிப்பட்ட கை என்று உங்களுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். என் மைத்துனனின் விபத்தை விசாரிக்கிற நீங்கள், அன்று அவன் கையில் கட்டியிருந்த கருவியைத் திறந்தபோது உள்ளே மின்சுற்றுப் பலகையின்மேல் மெல்லிய நீலப் பூச்சு ஒன்று இருந்தது என்றீர்கள். அதைப் பிடித்துக்கொண்டு விசாரித்து விசாரித்துத்தான் எங்கள் கடைவாசல் வரை வந்தீர்கள். வியர்வை ஏறாமல் இருக்கக் காதுக் கருவிக்குள் நாங்கள் பூசுவது அது. நான் பூசியதுதான். நேற்று நீங்கள் கேட்டபோது வாய் கூசாமல் தெரியாது என்றேன். அதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மற்றதை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

என் மனைவிக்கு ஒரே தம்பி. முக்குளி என்பது வீட்டில் வைத்த பெயர். நடை பழகும் முன்பே தண்ணீர்த் தொட்டிக்குள் தலைகுப்புற விழுந்து, வெளியே தூக்கியபோது அழாமல் சிரித்தவனாம். அவனுக்கு ஏழு வயதாகும்போது தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். இவள்தான் வளர்த்தாள். கல்யாணமாகி என் வீட்டுக்கு வந்தபோது ஒரு கையில் பெட்டி, மறு கையில் அவன். எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அதற்காக அவள் ஏங்கி நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அவளுக்குத்தான் ஒருவன் இருந்தானே.

நான் அவனை வெறுத்தேன் என்று எழுதிவிடாதீர்கள். வெறுக்கவில்லை. அவனை வெறுப்பது லேசான காரியமும் இல்லை. அவன் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே வீடு கலகலவென்று ஆகிவிடும். கடலுக்கடியில் போகும் குழாய்களைப் பார்த்துப் பராமரிக்கும் குழுவில் அவனுக்கு வேலை. கீழே என்ன கண்டான், எந்த மீன் அவன் கையுறையைக் கடித்தது, கூட வந்தவன் எதற்குப் பயந்தான் என்று சாப்பாட்டு மேசையில் அவன் சொல்லச் சொல்ல, அவள் கரண்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே நிற்பாள். என் வேலையில் சொல்ல என்ன இருக்கிறது? இன்றைக்கு மூன்று காது, நேற்றைக்கு நாலு காது. அவளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அதற்காக வருத்தம் என்று ஒன்று எனக்கு இருந்ததாகவே நான் நினைத்ததில்லை.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவன் துண்டில் எதையோ சுற்றிக்கொண்டு நேரே என்னிடம் வந்தான். அக்கா குளித்துக்கொண்டிருந்தாள். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"மச்சான், உங்களால ஒரு காரியம் ஆகணும். அக்காகிட்டகூட இன்னும் சொல்லல."

துண்டுக்குள் இருந்தது டைவ் கம்ப்யூட்டர். மணிக்கட்டில் கட்டிக்கொள்கிற தடித்த கடிகாரம் மாதிரி. எவ்வளவு ஆழத்தில் இருக்கிறோம், அங்கே இன்னும் எத்தனை நிமிஷம் இருக்கலாம், எப்போது மேலே கிளம்ப வேண்டும் என்று அது காட்டிக்கொண்டே இருக்கும். பேட்டரி மூடியின் ரப்பர் வளையத்தில் ஒரு தலைமுடி சிக்கியதைக் கவனிக்காமல் மூடிவிட்டிருக்கிறான். உப்புத் தண்ணீர் உள்ளே போய்விட்டது. கம்பெனிக் கருவி. கவனக்குறைவு என்று மேற்பார்வையாளர் ஏற்கெனவே ஒருமுறை அவன் பெயரில் குறிப்பு எழுதியிருந்தார். இன்னொன்று விழுந்தால் ஆழத்துக்குப் போகும் குழுவிலிருந்து எடுத்துவிட்டு, ஒரு வருஷம் கரையில் குழாய் கழுவ விட்டுவிடுவார்கள். இதையெல்லாம் அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். அவன் தலைகுனிந்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பதினாறு வருஷத்தில் அவன் என்னிடம் கேட்ட முதல் உதவி அது.

பார்க்கிறேன் மாப்ள என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலறை மேசையில் வெள்ளைத் துணி விரித்து உட்கார்ந்தேன். ஒரு நாணயத்தால் பேட்டரி மூடியைத் திருகிக் கழற்றியபோது உள்ளேயிருந்து பச்சைத் தண்ணீர் ஒரு சொட்டு விழுந்தது. செம்பு அரித்த பச்சை. பின்பக்கத்தில் நாலு திருகாணி. அதில் ஒன்று துருப்பிடித்து அசையவில்லை. சூடான கம்பியை அதன் தலையில் வைத்து, ஆறவிட்டு, பிறகு எடுத்தேன். பலகை முழுக்க உப்புப் பூத்திருந்தது. வியர்வை உப்பானாலும் கடல் உப்பானாலும் உப்பு உப்புதான் என்று எனக்கு ஒரு தைரியம். பேட்டரித் தண்ணீரில் அலசினேன். குழந்தைகளுக்கான மெல்லிய பல்துலக்கியால் தேய்த்தேன். தகட்டு முனைகளைப் பென்சில் ரப்பரால் துடைத்தேன். பிறகு ஸ்பிரிட்.

அவன் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதற்குள் தம்பி அவளிடமும் சொல்லிவிட்டிருந்தான். இரண்டு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. அடுப்பில் வைத்ததைக்கூட அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். நான் விளக்கைக் கொஞ்சம் இடப்பக்கம் என்றால் இடப்பக்கம், கொஞ்சம் தாழ்த்து என்றால் தாழ்த்துவாள். ஒரு தடவை என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இத்தனை வருஷமா இந்தக் கைய நான் பாத்ததே இல்லையே," என்றாள். இடுக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன்.

ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட டப்பா கடையில் இருக்கிறது. அதற்குள் மூன்று நாள் வைத்தேன். நீலப் பூச்சைப் பூசினேன். புது ரப்பர் வளையம் வாங்கி, அதற்குரிய பசையை விரல் நுனியால் தடவி உட்காரவைத்தேன். புதன்கிழமை சாயங்காலம் பேட்டரி போட்டபோது அது இரண்டு முறை கீச்சிட்டுத் திரையில் எழுத்தைக் காட்டியது. முக்குளி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அவள் முகத்தைப் பார்த்தேன். அந்தப் பார்வை எனக்குப் புதிது. தம்பி கதை சொல்லும்போது அவன்மேல் விழுந்து பார்த்திருக்கிறேன், என்மேல் விழுந்ததில்லை. அன்று சாப்பாட்டில் முதல் தட்டு எனக்கு வந்தது. எப்போதும் அவனுக்குத்தான் முதலில் வைப்பாள். அதை மூவரில் யாராவது கவனித்தோம் என்றால் அது நான் மட்டுமாகத்தான் இருக்கும்.

சரிசெய்த எதையும் சோதிக்காமல் நான் கொடுப்பதில்லை. வியாழக்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்தேன். வீட்டில் பழைய தண்ணீர் வடிகட்டியின் கண்ணாடிக் கூடு ஒன்று கிடந்தது. அதில் தண்ணீர் நிரப்பி, கருவியை உள்ளே போட்டு இறுக மூடி, மேலே சைக்கிள் பம்பை இணைத்தேன். பம்பில் அழுத்தம் காட்டும் முள் உண்டு. பார் என்ற அளவில் அழுத்தம் ஒன்று என்றால் கடலில் பத்து மீட்டர் ஆழம். இரண்டு என்றால் இருபது. கணக்கு அவ்வளவுதான்.

முள் ஒன்றில் நின்றபோது கருவி எட்டு மீட்டர் என்றது. இரண்டில் பதினாறு. மூன்றில் இருபத்து நான்கு.

நாலு தடவை பார்த்தேன். நாலு தடவையும் அதே. முப்பது மீட்டர் ஆழத்தில் நிற்பவனிடம் அது, நீ இருபத்து நாலில்தான் இருக்கிறாய், அவசரம் ஒன்றுமில்லை என்று சொல்லும்.

உங்களுக்குத் தெரியாத விஷயமில்லை. ஆனால் எனக்கு எது எப்போது தெரியும் என்பதற்காகச் சொல்கிறேன். ஆழத்தில் இழுக்கிற மூச்சுக்காற்றில் ஒரு பங்கு ரத்தத்தில் கரைந்துவிடும். ஆழம் கூடக் கூட அங்கே இருக்கலாம் என்கிற நேரம் குறையும். மீறி இருந்துவிட்டு மேலே வந்தால், சோடா பாட்டிலைத் திறந்ததுபோல உடம்புக்குள் குமிழ் கட்டும். முதுகெலும்புப் பக்கம் கட்டினால் கால் போகும். சாப்பாட்டு மேசைக் கதைகளில் முக்குளி இதைப் பலமுறை சொல்லியிருக்கிறான். ஆக வியாழக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கே எனக்குத் தெரியும்.

பம்பின் முள் பொய் சொல்லலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நியாயமான சந்தேகம்தான். நாளைக்குச் சரிபார்த்துக்கொள்ளலாம், அதற்குள் நல்லதொரு சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று நினைத்தேன். சாயங்காலம் அவன் வந்து கருவியை மணிக்கட்டில் கட்டிக்கொண்டான். மறுநாள் காலையில் கடலுக்குப் போகவேண்டும்.

"டெஸ்ட் பண்ணிட்டீங்கல்ல மச்சான்?"

"பண்ணிட்டேன்," என்றேன்.

அது பொய்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். அப்போது நானும் அதைத்தான் கவனித்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் பம்பை எடுத்துக்கொண்டு டயர்க்கடைக்குப் போனேன். கடைக்காரர் தன் அளவுமானியோடு வைத்துப் பார்த்துவிட்டு, உங்க முள்ளு கரெக்டா இருக்கு சார், யோசிக்காம காத்தடிங்க என்றார். அப்போது மணி ஒன்பது. படகு பத்தரைக்குக் கிளம்பும். போன் என் சட்டைப்பையில் இருந்தது. நான் கடைத்தெருவைக் கடந்து, என் மேசைக்குப் போய், ஒரு கிழவருடைய இடது காதுக் கருவியில் அடைத்திருந்த மெழுகை எடுக்க ஆரம்பித்தேன். இரண்டு மணிக்கு அவனே கூப்பிட்டான். பிரமாதமாக வேலை செய்கிறது, ஒரு சொட்டு இறங்கவில்லை என்றான். நல்லது மாப்ள என்று வைத்துவிட்டேன். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் அடுத்த கருவியை எடுத்துக்கொண்டேன்.

அதற்குப்பின் சொல்வது கஷ்டமாகிவிட்டது. வியாழக்கிழமையே சொல்லியிருந்தால், சரியாக வரவில்லை மாப்ள, இதை நம்பி இறங்காதே என்பதோடு போயிருக்கும். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு சொன்னால், தெரிந்துமா இறக்கிவிட்டீர்கள் என்ற கேள்வி வரும். ஒவ்வொரு நாளும் அந்தக் கேள்வி ஒரு நாள் கனத்துக்கொண்டே போனது. இன்னொன்றும் உண்டு. அந்த இரண்டரை வாரமும் என் வீட்டில் நான் வேறு ஆளாக இருந்தேன். கடையில் இன்றைக்கு என்ன வந்தது என்று அவள் கேட்டாள். நான் சொன்னேன். கரண்டியைப் பிடித்தபடி நின்று கேட்டாள். நாற்பத்தெட்டு வயதில் இப்படி ஒன்றுக்காக ஒருவன் வாய் திறக்காமல் இருப்பானா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். இதை உங்களிடம் சொல்லும்போது எனக்குக் காது சுடுகிறது.

இரண்டாவது வாரத்தில் அவனுக்குத் தோள் வலி வந்தது. முழங்கையிலும் குடைச்சல். பாரம் தூக்கியது என்று அவன் நினைத்தான். அக்கா தைலம் தேய்த்துவிட்டாள். அதற்குள் நான் அந்த நோயைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்திருந்தேன். மூட்டு வலியில்தான் பெரும்பாலும் தொடங்கும் என்று எல்லாவற்றிலும் போட்டிருந்தது. அவள் தேய்த்துக்கொண்டிருந்தபோது நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். தலையணையை மாற்றிப் பார் மாப்ள என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நான் எப்படிச் சொன்னாலும் நன்றாக இருக்காது. அதனால் அப்படியே சொல்லிவிடுகிறேன். முக்குளி மாடிப்படியில் உட்கார்ந்து பாதத்துடுப்பின் வாரைத் தைத்துக்கொண்டிருந்தான். நான் துணி காயப்போட மேலே போனேன்.

"மச்சான், ஒண்ணு கேக்கணும். என்கூட இறங்குறவனோடது ஒரு ஆழம் காட்டுது, என்னோடது அஞ்சாறு மீட்டர் கம்மியா காட்டுது. அவன் என்னோடதுதான் தப்புங்கறான்."

நான் வாளியைக் கீழே வைத்தேன். அம்மா, இதைவிட லேசாக யாருக்கும் ஒரு கதவைத் திறந்துவிட முடியாது. அவன் திறந்தே பிடித்துக்கொண்டு நின்றான். ஆமாம் மாப்ள, எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது, கொண்டா பார்க்கலாம் என்று சொன்னால் போதும். வியாழக்கிழமையும் வெளியே வராது, டயர்க்கடையும் வெளியே வராது.

"அவனோடது நல்ல தண்ணி கணக்குல செட் ஆயிருக்கும்," என்றேன். "கடல்ல அப்படி வெச்சா ஆழம் கூடத்தான் காட்டும். உன்னோடத நானே டெஸ்ட் பண்ணியிருக்கேன்ல. அத நம்பு."

நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் என்று அந்தக் கருவியில் இரண்டு கணக்கு இருப்பது உண்மை. அதனால் வரும் வித்தியாசம் முப்பது மீட்டருக்கு ஒரு மீட்டர்கூடத் தேறாது என்பதும் உண்மை. முதல் உண்மையை மட்டும் சொன்னேன். அவன் முகம் தெளிந்துவிட்டது. அதானே பார்த்தேன் என்றான். மச்சான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கூட வருகிறவனிடம் சொல்லிவிடுகிறேன் என்றான். சொல்லியும் இருக்கிறான். உங்களிடம் அந்தப் பையன் இப்போது வாக்குமூலம் கொடுத்திருப்பது அதைத்தான்.

புதன்கிழமை அது நடந்தது. முப்பது மீட்டர் ஆழத்தில் ஒரு குழாய் இணைப்பு. தன் கருவி கிளம்பச் சொன்னதும் கூட இருந்தவன் சைகை காட்டிவிட்டு மேலே போனான். முக்குளியின் கருவி இன்னும் நேரம் இருக்கிறது என்றது. அவன் பதினோரு நிமிஷம் கூடுதலாக இருந்து கடைசி மரையை முறுக்கிவிட்டுத்தான் வந்தான். அரைகுறையாக விட்டுவிட்டு வருகிறவன் இல்லை அவன். படகில் ஏறி உட்கார்ந்து தண்ணீர் கேட்டானாம். வாங்கிக் குடித்துவிட்டு, கால் மரத்துப்போச்சு, யாராவது கொஞ்சம் நீட்டி விடுங்கடா என்றானாம். நீட்டித்தான் இருந்தது.

உடம்புக்குள் கட்டிய குமிழைக் கரைக்கும் அழுத்த அறை இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க நாலு மணி நேரம் ஆகிவிட்டது. அங்கே பல நாள் உள்ளே வைத்து வைத்து எடுத்தார்கள். கை சரியாகிவிட்டது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் திரும்பவில்லை.

முதல் நாள் தாழ்வாரத்தில் என் மனைவி என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அந்த வாட்ச் சரியாகத்தானே இருந்தது என்றாள். சரியாகத்தான் இருந்தது என்றேன். அவள் தலையாட்டினாள். இன்றுவரை மறுபடி கேட்டதில்லை.

மூன்றாம் நாள் அவனைப் பார்க்க என்னை உள்ளே விட்டார்கள். பக்கத்தில் வரச்சொன்னான். கம்பெனியிலிருந்து விசாரிக்க வருவார்கள், வீட்டில் வைத்துக் கருவியைத் திறந்ததைப் பற்றி மூச்சு விடாதீர்கள், உங்கள்மேல் கேஸ் வந்துவிடும் என்றான். அதில் ஒரு குறையும் இல்லை, நேரத்தைப் பார்க்காமல் வேலையில் மூழ்கிவிட்டது நான்தான், உங்களை ஏன் இழுக்கவேண்டும் என்றான். அவனுக்குப் பேசவே மூச்சு வாங்கியது. எனக்காக அந்த மூச்சைச் செலவு செய்தான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு சரி என்றேன்.

அவனுடைய சாமான்களை ஒரு பையில் போட்டு ஆஸ்பத்திரியில் என்னிடம்தான் கொடுத்தார்கள். வீட்டு ஆண்பிள்ளை நான்தானே. அதில் கருவியும் இருந்தது. இறங்கியதையெல்லாம் அது நினைவில் வைத்திருக்கும். கம்பெனியில் அதைத் திறந்து படித்தால் இருபத்து நாலு மீட்டர் என்று இருக்கும். குழாயோ முப்பதில் கிடக்கிறது. பார்த்த மாத்திரத்தில் எவருக்கும் புரிந்துவிடும், அவன் கருவி சொன்னபடிதான் நடந்தான், அவன்மேல் தவறில்லை என்று. அவனைக் காப்பாற்ற அந்த ஒன்றுதான் இருந்தது.

அன்று மத்தியானம் என் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தாள். நான் அதே சமையலறை மேசையில் உட்கார்ந்து, கிண்ணத்துத் தண்ணீரில் இரண்டு கரண்டி உப்பைக் கரைத்தேன். மூடியைக் கழற்றி, ரப்பர் வளையத்தைச் சற்றே முறுக்கி வைத்து, பேட்டரியோடு கருவியைக் கிண்ணத்தில் அமிழ்த்தினேன். ஒரே ஒரு முறை கீச்சிட்டது. குமிழ்கள் வந்து நின்றன. கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். மறுநாள் கம்பெனி ஆள் கேட்டபோது பையோடு கொடுத்துவிட்டேன்.

அறிக்கையை நீங்கள் படித்திருப்பீர்கள். ரப்பர் வளையத்தைச் சரியாகப் பொருத்தாமல் இறங்கியிருக்கிறார், கருவி தண்ணீரில் கெட்டிருக்கிறது, கூட வந்தவரின் எச்சரிக்கையைப் பொருட்படுத்தவில்லை, கவனக்குறைவு. மேற்பார்வையாளர் கையெழுத்து. அவன் பயந்து என்னிடம் ஓடி வந்தானே, அதே வார்த்தை. அவனை ஒருவரும் வந்து பார்ப்பதில்லை. அவன் சொல்லிக்கொடுத்து வளர்ந்தவர்கள், புதிதாகச் சேருகிறவர்களிடம் இப்படிச் செய்யாதீர்கள் என்று அவன் பெயரை உதாரணமாகச் சொல்கிறார்களாம். அதுவும் அவன் காதுக்கு வந்துவிட்டது.

இதுவரை உப்புதான் கெடுத்தது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், அதையும் நான் சரிசெய்துவிட வேண்டும். அழுத்தத்தை உணரும் பகுதி ஒரு மிளகு அளவுக் குழி. அதற்குள் கண்ணாடி மாதிரி ஒரு கூழ் நிரம்பியிருக்கும். முக்குளி கொண்டுவந்தபோது அது தெளிவாக, முழுசாக இருந்தது. அதன்மேல் ஒரு உப்புத் துகள் ஒட்டியிருந்தது. அதை எடுக்க ஸ்பிரிட் விட்டேன், கூழ் உப்பியது. குச்சியால் அமுக்கினேன், ஒரு ஓரம் பிய்ந்து குச்சியோடு வந்தது. தொட்டிருக்கவே வேண்டியதில்லை. அவள் விளக்கைப் பிடித்துக்கொண்டு என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்றேனே, அந்த நேரம்தான். ஒன்றும் நடக்காததுபோலக் குச்சியைத் துணியில் துடைத்துக்கொண்டேன். கண்ணாடியைத் துடைத்தது அதற்குப் பிறகு. ஆக, வியாழக்கிழமை என்றுகூடச் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமையே எனக்குத் தெரியும்.

இப்போது அவன் எங்கள் வீட்டு முன்னறையில் இருக்கிறான். ஜன்னலோரம் கட்டில். தினமும் காலையில் கடைக்குப் போகுமுன் நான்தான் அவனைத் தூக்கி உட்காரவைத்து, உடம்பு துடைத்து, பக்கம் திருப்பிப் படுக்கவைக்கிறேன். படுக்கைப் புண் ஒன்றுகூட வரவில்லை. பார்க்க வந்த நர்ஸ் ஆச்சரியப்பட்டார். பெற்ற பிள்ளைக்குக்கூட இப்படி யாரும் செய்யமாட்டார்கள் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். நீங்க இல்லேன்னா நாங்க என்ன ஆயிருப்போம் என்று என் மனைவி ஒருநாள் என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தட்டு இன்றும் எனக்குத்தான் முதலில் வருகிறது. அதைத் தொடுவதற்குள் ஒவ்வொரு முறையும் கை கூசுகிறது. ஆனாலும் சாப்பிடுகிறேன்.

ஆரம்பத்தில் அவன் யாரோடும் பேசமாட்டான். ஏன் அந்தப் பதினோரு நிமிஷம் இருந்தேன், ஏன் அவன் சொன்னதைக் கேட்கவில்லை என்று சுவரோடு பேசிக்கொண்டே கிடப்பான். ஒருநாள் தன் கையைத் தானே கடித்துக்கொண்டான். நான் விடவில்லை. தினமும் அரைமணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பேசினேன். தவறு செய்யாத மனுஷன் யார், மாப்ள, கவனம் தப்புவது எல்லோருக்கும் நடப்பதுதான், அதை ஒத்துக்கொண்டால் பாரம் இறங்கும், உன்னையே நீ மன்னிக்கப் பழகு என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். எட்டு மாதம் ஆயிற்று. போன மாதம் ஒரு காலையில் நான் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவனாகவே சொன்னான்.

"தப்பு என்னோடதுதான் மச்சான். ஒத்துக்கிட்டேன். இப்பதான் கொஞ்சம் மூச்சு விட முடியுது."

ஆக, நான்தான் செய்தேன். கெடுத்தது நான், தெரிந்தே கட்டிவிட்டது நான், கேட்டபோது பொய் சொன்னது நான், அவன் பக்கம் பேசக்கூடிய ஒரே சாட்சியை உப்புத் தண்ணீரில் போட்டதும் நான். காகிதத்தைக் கொடுங்கள், எங்கே சொல்கிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். எந்தத் தண்டனையானாலும் தலைகுனிந்து வாங்கிக்கொள்கிறேன், எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

ஒரே ஒரு வேண்டுதல், அம்மா. இது எதுவும் முக்குளி காதுக்குப் போகவேண்டாம். எவ்வளவோ பாடுபட்டு இப்போதுதான் அவன் மனதுக்கு ஒரு நிம்மதியைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறேன். அதையும் அவனிடமிருந்து பிடுங்கிவிடாதீர்கள்.